வண்டிக்கும் உண்டு சும்மாடு

ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வழியாக அணைக்கரைக்கோ, மேற்கே அரியலூருக்கோ ஒரு பழைய சுமோ வண்டியில் நீங்கள் போயிருக்கக்கூடும். கலியாணத்துக்குப் போகும் கூட்டம்; உள்ளே பத்துப் பேர். வண்டி கிளம்பும்போது காலுக்கடியில் எங்கோ “டொக்” என்று ஓர் ஒலி. பிரேக் போட்டால் மறுபடியும் “டொக்”. வண்டி நின்று, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்கை, கதவு, கண்ணாடி எல்லாம் குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்குகின்றன. கேட்டால், “பழைய வண்டி தம்பி, அப்படித்தான் இருக்கும்” என்பார் டிரைவர்.

அப்படித்தான் இருக்க வேண்டுமா? வயதானால் ஒரு வண்டியில் எதற்கு வயதாகிறது? எஞ்சினுக்கு என்பீர்கள். டயருக்கு, ஸ்பிரிங் பட்டைக்கு, ஷாக் அப்சார்பருக்கு என்பீர்கள். அவை எல்லாம் சரிதான். ஆனால் இந்த டொக் ஒலிக்கும் நடுக்கத்துக்கும் பல வண்டிகளில் காரணமாக இருப்பவை, ஓர் இட்லியின் அளவே உள்ள சில ரப்பர்த் துண்டுகள். அவை இருப்பதே வண்டிக்காரர்களில் பலருக்குத் தெரியாது. ஆகவே ஷாக் அப்சார்பரை மாற்றுகிறார்கள், புஷ்ஷை மாற்றுகிறார்கள், ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். ஒலி மட்டும் போவதில்லை.

இந்த மாதிரி வண்டிகளில்தான் பல ஊர்களில் பிள்ளைகள் பள்ளிக்கும் போய் வருகிறார்கள். எனவே அந்த ரப்பர் துண்டுகளைப் பற்றி நாம் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

ஏணியின்மேல் ஒரு பெட்டி

இக்காலத்துச் சிறு கார்களுக்குத் தனியாக எலும்புக்கூடு கிடையாது. தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று பற்றவைத்து, அந்தப் பெட்டியையே எலும்பாகவும் ஆக்கிவிடுகிறார்கள். நண்டின் ஓடுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாருதி 800 அப்படிப்பட்டது. அவ்வளவு கனமான அம்பாசடரும் அப்படிப்பட்டதுதான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

லாரி அப்படியல்ல. அதில் இரண்டு நீண்ட எஃகு உத்தரங்களும் அவற்றுக்குக் குறுக்கே சில சட்டங்களும் உண்டு. ஓர் ஏணியைப் படுக்கவைத்தாற்போல் இருக்கும். இதைத்தான் சேசிஸ் என்கிறோம். எஞ்சின், கியர் பெட்டி, சக்கரங்கள் எல்லாம் இந்த ஏணியோடு இணைந்தவை. மனிதர்கள் உட்காரும் பெட்டி வேறு. அதைப் பட்டறைகளில் பாடி என்பார்கள். மகிந்திரா ஜீப், 1994இல் வந்த டாட்டா சுமோ, 2000இல் வந்த டொயோட்டா குவாலிஸ், மகிந்திரா பொலேரோ ஆகிய எல்லாம் இந்த லாரி ஜாதிதான். (சுமோ என்றதும் ஜப்பானிய மல்லர்கள் நினைவுக்கு வருவார்கள். உண்மையில் அது, டாட்டா நிறுவனம் டெல்கோ என்ற பெயரில் இருந்த நாட்களில் அதை நடத்திய சுமந்த் மூல்காவ்கர் அவர்களின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள்.) குவாலிஸ் உற்பத்தி 2005இலும், சுமோ உற்பத்தி 2019இலும் நின்றுவிட்டன. அப்படியானால் இன்று சாலையில் ஓடும் குவாலிஸ் எதுவுமே இருபது வயதுக்குக் குறைந்ததல்ல.

இப்போது ஒரு கேள்வி. இரும்பு ஏணியின்மேல் இரும்புப் பெட்டியை நேரடியாக வைத்து போல்ட் போட்டு முடுக்கினால் என்ன?

தலையில் தண்ணீர்க் குடம் சுமப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் குடத்தை நேரே தலையில் வைப்பதில்லை. துணியைச் சுருட்டி வட்டமாக்கிச் சும்மாடு வைத்து, அதன்மேல் குடத்தை வைக்கிறார்கள். சும்மாடு இரண்டு வேலை செய்கிறது. பாரத்தைப் பரப்புகிறது, நடையின் அதிர்வைத் தான் வாங்கிக்கொள்கிறது. வண்டியிலும் அப்படியே. ஏணிக்கும் பெட்டிக்கும் நடுவில் எட்டு, பத்து அல்லது பன்னிரண்டு இடங்களில் ரப்பர்ச் சும்மாடு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும். இதன் பெயர் பாடி மவுண்ட். சில பட்டறைகளில் பாடி ரப்பர் என்றும், பாடி புஷ் என்றும் சொல்வார்கள்.

ஒரு மவுண்டைக் கழற்றிப் பார்த்தால் அதில் இரண்டு ரப்பர்கள் இருக்கும். மேலே உள்ளது பெரியது; பாடியின் எடை முழுவதும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸ் தாங்கிக்குக் கீழே உள்ளது சிறியது. பள்ளத்தில் விழுந்து எழும்போது பாடி மேலே துள்ளாமல் இழுத்துப் பிடிப்பது இதன் வேலை. இரண்டுக்கும் நடுவே நீண்ட போல்ட் ஒன்று ஊடுருவிப் போகிறது. போல்ட்டைச் சுற்றி ஓர் இரும்புக் குழாய்த் துண்டு உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும் இந்தக் குழாயை அலட்சியம் செய்துவிடாதீர்கள். நட்டை எவ்வளவு பலமாக முடுக்கினாலும், வாஷர் குழாயின் விளிம்பில் முட்டியவுடன் நின்றுவிடும். ரப்பர் அதற்குமேல் நசுங்காது. ஆக, ரப்பர் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மெக்கானிக்கின் கைப்பலம் அல்ல, அந்தக் குழாயின் நீளம்!

கொஞ்சம் கணக்கு

ரப்பர் இருந்தால் அதிர்வு குறையும் என்று சொல்லிவிட்டால் போதாது. எவ்வளவு குறையும்? ஏன் குறையும்?

ஒரு ஸ்பிரிங்கின்மேல் ஒரு பாரத்தை வைத்து, லேசாக அமுக்கி விட்டால் அது தனக்கென்று ஒரு வேகத்தில் ஏறி இறங்கும். ஒரு விநாடிக்கு எத்தனை தடவை என்பதே அதன் இயல்பு அதிர்வெண். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பாரம் வைத்ததும் ஸ்பிரிங் எத்தனை செண்டிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். 25ஐ அந்த எண்ணால் வகுத்து, விடைக்கு வர்க்கமூலம் காணுங்கள். ஏறத்தாழ அதுதான் இயல்பு அதிர்வெண், ஹெர்ட்ஸ் அளவில். (25 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: புவியீர்ப்பு முடுக்கத்தை நான்கு பை வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள்.)

பாடியும் ஆட்களும் சேர்ந்து 1000 கிலோ என்றும், பத்து மவுண்டுகள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 100 கிலோ. புது ரப்பர் இந்தப் பாரத்துக்கு 0.25 செ.மீ. அமுங்குகிறது என்றால், 25ஐ 0.25ஆல் வகுக்க 100. அதன் வர்க்கமூலம் 10. ஆக, இந்தச் சும்மாட்டின்மேல் இருக்கும் பாடியின் இயல்பு அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ்.

இனி எஞ்சினுக்கு வருவோம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்போம். அதாவது விநாடிக்குப் பன்னிரண்டரைச் சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர்கள் வெடிக்கும். எனவே விநாடிக்கு 25 உதைகள். இவற்றில் பெரும்பகுதியை எஞ்சினின் சொந்த ரப்பர்கள் வாங்கிக்கொள்ளும். மிச்சம் சேசிஸுக்கு வரும். சேசிஸிலிருந்து பாடிக்கு எவ்வளவு ஏறும்? உதையின் அதிர்வெண், இயல்பு அதிர்வெண்ணைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கும். நம் கணக்கில் அது இரண்டரை மடங்கு. கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு அதிர்வுதான் மேலே ஏறுகிறது. இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி நிம்மதியாகத் தூங்கலாம்.

வருஷங்கள் போயின. ரப்பர் இறுகிவிட்டது. அதே 100 கிலோவுக்கு இப்போது 0.04 செ.மீ. மட்டுமே அமுங்குகிறது. 25ஐ 0.04ஆல் வகுத்தால் 625. வர்க்கமூலம்? 25!

எஞ்சினின் உதையும் 25. பாடியின் இயல்பும் 25. ஊஞ்சலில் ஆடும் தங்கையைச் சரியான சமயம் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். அதிர்வைத் தடுக்க வைத்த ரப்பரே அதைப் பெருக்கிவிடுகிறது. எஞ்சினைக் கொஞ்சம் வேகப்படுத்தினால் நடுக்கம் குறைவதும், வேகத்தைக் குறைத்தவுடன் மறுபடி வருவதும் இதனால்தான். எண்களை நான் கணக்குக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். உண்மையான ரப்பர், ஸ்பிரிங் அளவுக்கு ஒழுங்கான பிள்ளை அல்ல. மெதுவாக அமுக்கினால் ஒரு விதமாகவும், வேகமாக அதிர்ந்தால் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். ஆனால் போக்கு இதுதான்.

ரப்பருக்கு ஏன் வயதாகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். அந்தப் பாலிலிருந்து வரும் ரப்பர் அப்படியே பயன்படாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் மீள்திறனும் வருவதைக் கண்டார். ரப்பரின் மூலக்கூறுகள் நீளமான நூல்கள். கந்தகம் அந்த நூல்களுக்கிடையே அங்கங்கே முடிச்சுப் போடுகிறது. முடிச்சுகள் குறைவாக இருந்தால் வலைபோல இழுபட்டு மீளும். மிக அதிகமானால் கட்டைபோல் இறுகிவிடும்.

முடிச்சுப் போடும் வேலை தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை என்பதுதான் சங்கதி. வண்டியின் அடியில் வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து வருஷக்கணக்கில் அந்த நூல்களைச் சில இடங்களில் அறுக்கின்றன. வேறு சில இடங்களில் புதிய முடிச்சுப் போடுகின்றன. வேதிவினைகளின் பொதுவான வழக்கப்படி, வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இந்த வேலை ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் நடக்கும். சித்திரை, வைகாசியில் ஜெயங்கொண்டத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். தார்ச்சாலையின் மேற்பரப்பு அதைவிடச் சூடு. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மவுண்ட் இருந்தால் அதன் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு முன்னால் அதற்கு நரை வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மவுண்ட் எப்போதும் அமுங்கிய நிலையிலேயே இருக்கிறது. ஆகவே புதிய முடிச்சுகளும் அமுங்கிய நிலையிலேயே விழுகின்றன. பாரத்தை எடுத்த பிறகும் ரப்பர் பழைய உயரத்துக்கு எழும்புவதில்லை. அமுங்கியதே அதன் உருவமாகிவிடுகிறது. ரப்பர்த் தொழிற்சாலைகளில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. ரப்பர் வில்லையை நாலில் ஒரு பங்கு அமுக்கி, உதாரணமாக 70 டிகிரி வெப்பத்தில் 22 மணி நேரம் வைத்திருந்து, விடுவித்து அரைமணி நேரம் கழித்து உயரத்தை அளக்கிறார்கள். எவ்வளவு எழும்பவில்லையோ அவ்வளவு மட்டமான ரப்பர்.

மீண்டு எழும்பும் இந்தக் குணம் எவ்வளவு முக்கியம் என்பதை 1986 ஜனவரி 28 அன்று உலகம் கண்டது. சாலஞ்சர் விண்கலம் ஏவப்பட்ட அன்று காலையில் கடுங்குளிர். ராக்கெட்டின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, விரிந்த இடைவெளியை உடனே எழும்பி அடைக்க முடியாமல் போயிற்று. ஏழு பேர் உயிரிழந்தார்கள். விசாரணையின்போது இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டொன்றை அமுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது எழும்பாமல் கிடப்பதை எல்லோருக்கும் காட்டினார். அங்கே குளிர் செய்ததை இங்கே முதுமை செய்கிறது. ஒரு வித்தியாசம்: குளிரில் விறைத்தது சூடு வந்தால் தெளியும், முதுமையில் இறுகியது இறுகியதுதான்.

காற்றில் மிகச் சொற்ப அளவில் ஓசோனும் உண்டு. இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரைக் கண்டால் அது விடாது. இழுப்புக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். இதோடு அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் தூசியும் சேர்ந்துகொள்கிறது. சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் லாரிகள் ஓயாமல் போய்வரும் சாலைகள் அல்லவா? வெடிப்பில் புகுந்த தூசி, வண்டி அசையும்போதெல்லாம் உப்புத்தாள்போல் தேய்க்கிறது.

நோயைக் கண்டுபிடிப்பது

நல்ல மருத்துவர் எடுத்த எடுப்பில் ஊசி போடுவதில்லை. முதலில் கேட்கிறார், பிறகு பார்க்கிறார், பிறகு தொடுகிறார். நாமும் அப்படியே செய்வோம்.

ஒலி எப்போது வருகிறது? வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும், அதுவும் ஒரு சக்கரத்தின் பக்கமாக வந்தால், சந்தேகம் முதலில் ஷாக் அப்சார்பர்மேலும் ஸ்பிரிங் புஷ்கள்மேலும் விழ வேண்டும். சமதரையில் கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் வந்தால் கதை வேறு. பிரேக் பிடிக்கும்போது சக்கரமும் சேசிஸும் நிற்கப் பார்க்கின்றன. பாடி, நியூட்டன் சொன்னபடி, முன்னோக்கியே போகப் பார்க்கிறது. ரப்பர் நல்ல நிலையில் இருந்தால் அதைப் பிடித்து நிறுத்தும். தேய்ந்திருந்தால் பாடி சில மில்லிமீட்டர் நகர்ந்து இரும்பில் இடிக்கும். அந்த இடியைத்தான் கேட்கிறோம்.

அடுத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சற்றுத் தள்ளி நின்று கோடுகளைப் பாருங்கள். கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கிறதா? இப்படிப்பட்ட பழைய வண்டிகளில் பம்பர் பெரும்பாலும் சேசிஸோடு பிணைந்திருக்கும். அதற்கு மேலே உள்ள தகடு பாடியைச் சேர்ந்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை இடப்பக்கமும் வலப்பக்கமும் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தாலே போதும். ஒரு பக்கம் 22 மி.மீ., மறு பக்கம் 13 மி.மீ. என்று வந்தால் 13 உள்ள மூலையில் ரப்பர் உட்கார்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். சந்தேகிக்கலாம் என்றுதான் சொன்னேன். எப்போதோ இடிபட்டுத் தட்டி நிமிர்த்திய வண்டியிலும் இப்படி இருக்கும்.

கியர் லீவர் இன்னொரு சாட்சி. கியர் பெட்டி சேசிஸில் இருக்கிறது. லீவர் வெளிவரும் ஓட்டை பாடியின் தரையில் இருக்கிறது. நடுவில் நிற்க வேண்டிய லீவர் ஓட்டையின் ஓர் ஓரத்தில் உரசினால் பாடி நகர்ந்திருக்கிறது. ரேடியேட்டர் பாடியோடும், ஃபேன் எஞ்சினோடும் இணைந்த வண்டிகளில், முன் மவுண்ட் அமுங்கினால் ஃபேன் இறக்கை அதைச் சுற்றியுள்ள கூட்டில் உரசும். இதை ஃபேன் கோளாறு என்று நினைத்துக் கூட்டின் விளிம்பை வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. செருப்பு கடிக்கிறதென்று காலை வெட்டிக்கொள்வதுபோல!

எல்லாவற்றையும்விட முக்கியமான சாட்சி ஸ்டியரிங். டிரைவர் கையிலுள்ள சக்கரமும் அதன் தண்டின் மேற்பகுதியும் பாடியில் பொருந்தியவை. தண்டின் கீழ்முனை சேசிஸில் உள்ள பெட்டிக்குப் போகிறது. பாடி நகர்ந்தால் டிரைவர் திருப்பாமலே சக்கரத்தில் ஓர் அசைவு தெரியும். தண்டின் மூட்டுகள் கோணலாக உழைக்கும். இந்தக் கட்டத்தில் இது வெறும் சத்தத் தொல்லை அல்ல. வண்டி எதிலாவது மோதினால் ஆட்கள் உட்கார்ந்த பெட்டியைச் சேசிஸோடு பிடித்திருப்பவை இந்தப் பத்துப் பன்னிரண்டு போல்ட்டுகளே.

இனி அடியில் பார்க்க வேண்டும். பட்டறையில் குழிமேல் நிறுத்தியோ, ஸ்டாண்டு வைத்தோ மெக்கானிக் பார்ப்பார். நல்ல மவுண்ட் ஒரே சீரான தடிமனோடு, ஓரம் லேசாகப் புடைத்து இருக்கும். கெட்டது ஒரு பக்கம் சப்பையாகி, ஓரத்தில் வெடித்து, சில சமயம் பணியாரத்தை மிதித்ததுபோல் பிதுங்கியிருக்கும். வாஷர் ஓரத்தில் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் அங்கே இரும்பும் இரும்பும் தொடுகின்றன என்று பொருள். சிவந்த பொடி வழிந்திருந்தால் துரு. ஆனால் ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண்ணும் அதே நிறந்தான்! ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சில நாள் தார்ச்சாலையில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மவுண்டின் இடுக்கிலிருந்து மட்டும் கோடு கோடாக மறுபடி வழிந்தால் அது மண்ணல்ல.

கடைசிச் சோதனை நெம்புகோல். சேசிஸில் ஒரு மரக்கட்டையை அண்டைகொடுத்து, நீண்ட இரும்புக் கம்பியால் பாடியை அந்த மவுண்டுக்குப் பக்கத்தில் மெல்ல நெம்புகிறார்கள். நல்ல ரப்பர் முரண்டுபிடித்துக் கொஞ்சம் இடங்கொடுத்து, விட்டவுடன் மெதுவாகத் திரும்பும். கெட்டது ஒன்று சுலபமாகப் பிரிந்துவரும், அல்லது அசையவே அசையாமல் “டங்” என்று இரும்பின் குரலில் பேசும். ஒரு மவுண்டை மட்டும் பார்த்துவிட்டு முடிவுகட்டக் கூடாது. எல்லாவற்றையும் பார்த்து, ஒரு தாளில் வண்டியின் படம் வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் ரப்பரின் உயரத்தை எழுதிவைத்தால் நோயின் வரைபடமே கிடைத்துவிடும்.

மாற்றுவது எப்படி?

முதலில் ஓர் எச்சரிக்கை. இது மெக்கானிக்கின் வேலை. நீங்கள் தள்ளி நின்று பார்க்கலாம். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் தலையையோ கையையோ நீட்டாதீர்கள்.

வேலை முதல்நாள் மாலையே தொடங்கிவிடும். போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து இரவெல்லாம் ஊறவிடுகிறார்கள். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட் முறியும். அல்லது பாடிக்குள் பற்றவைத்த நட்டு பிய்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். அப்புறம் தரைவிரிப்பை எடுத்து, தகட்டை வெட்டி, மேலிருந்து நட்டைப் பிடிக்க வேண்டிவரும். அரைநாள் வேலை மூன்று நாள் ஆகும் இடம் இதுதான். புது ரப்பர் மாட்டும்போது அந்த எண்ணெய் அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். ஒரு ரப்பர் பேண்டை மண்ணெண்ணெயில் ஒருநாள் போட்டு வைத்தால் நீங்களே பார்க்கலாம்.

மறுநாள் பேட்டரி இணைப்பைக் கழற்றி, சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ஒரு பக்கத்து போல்ட்டுகளைக் கழற்றுகிறார்கள். மறு பக்கத்துப் போல்ட்டுகளையும் சில சுற்று தளர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கம் கீல்போல் பிடித்துக்கொண்டு தகடு நெளியும். பிறகு பாடியின் அடிவிளிம்பில் நீளமான மரப்பலகை வைத்து ஜாக்கியால் தூக்குகிறார்கள். பலகை எதற்கு என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். அதுவும் ஒரு சும்மாடுதான். எவ்வளவு தூக்க வேண்டும்? பழையதை உருவிப் புதியதைச் செருகும் அளவுக்கு, மூன்று நான்கு செண்டிமீட்டர். ஆனால் அந்தச் சிறிய உயரத்துக்குள்ளேயே ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய், ரேடியேட்டர் ஹோஸ், டீசல் ஊற்றும் குழாய், கைப்பிரேக் கேபிள், எர்த் ஒயர் எல்லாம் இழுபடும். ஜாக்கியை ஒருவர் மிதிக்க, இவற்றை ஒவ்வொன்றாக இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரப்பரை எடுத்ததும், அது உட்கார்ந்திருந்த தாங்கியையும் மேலே உள்ள தகட்டையும் ஸ்க்ரூ டிரைவரின் முனையால் தட்டிப் பார்க்கிறார்கள். கணீர் என்றால் நல்லது. பொத்தென்று உள்ளே இறங்கினால் தகடு உளுத்துவிட்டது. அங்கே புதுத் தகடு வெட்டிப் பற்றவைக்காமல் எந்த ரப்பரை மாட்டினாலும் பயனில்லை.

புது மவுண்ட் கிடைக்காதபோது பழைய டயரை வெட்டி வைப்பதும் உண்டு. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஊர்போய்ச் சேர அது உதவும். நிரந்தரமாக வைத்தால்தான் தொல்லை. டயருக்குள் நைலான் இழைகளும் சில சமயம் எஃகுக் கம்பிகளும் இருக்கின்றன. அவை ரப்பரைப் பக்கவாட்டில் விரியவிடா. பக்கவாட்டில் விரிய முடியாத ரப்பர் எளிதில் அமுங்காது. முன்பு போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தவிர, டயர்த் துண்டோடு அந்த இரும்புக் குழாயையும் விட்டுவிடுவார்கள். பிறகு முடுக்க முடுக்க நசுங்கிக்கொண்டே போகும்.

ஒரு பக்கம் முடிந்ததும் மறு பக்கம். போல்ட்டுகள் எல்லாவற்றையும் விரலால் மாட்டி, பாடியை இறக்கி உட்காரவைத்து, கதவு இடைவெளிகளைப் பார்த்த பிறகே தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். கெட்டது இரண்டுதானே என்று அவற்றை மட்டும் மாற்றினால் புதிய இரண்டும் உயரமாக நின்று பாரத்தை அதிகம் சுமக்கும். எட்டு பழையவற்றின் நடுவே பாடி முறுக்கிக்கொள்ளும். முழுத் தொகுப்பையும் மாற்றுவதே முறை.

கட்டடத்துக்கும் சும்மாடு

ஒரு வண்டியைத் தூக்கி ரப்பர் மாற்றுவது சரி; ஒரு பள்ளிக்கூடத்தையே தூக்கி மாற்றியிருக்கிறார்கள் என்றால்? அன்றைய யூகோஸ்லாவியாவில் இருந்த ஸ்கோப்யே நகரம் 1963இல் நிலநடுக்கத்தால் தரைமட்டமானது. சுவிட்சர்லாந்தின் உதவியோடு அங்கே கட்டி 1969இல் முடித்த பெஸ்டலோசி பள்ளியை, பெரிய ரப்பர்க் கட்டைகளின்மேல் உட்காரவைத்தார்கள். நிலம் ஆடினாலும் கட்டடம் அதோடு சேர்ந்து ஆடக்கூடாது என்பது நோக்கம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது அந்த ரப்பருக்கும் வயதாகியிருந்தது. கட்டடத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பழையவற்றை எடுத்துப் புதியவற்றை வைத்தார்கள். நம் நாட்டில் 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு புஜ் நகரில் கட்டிய மருத்துவமனையும் இப்படி ரப்பர்மேல்தான் நிற்கிறது. அந்த ரப்பருக்கு நடுவில் ஈயத் தண்டும் உண்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். அடுத்த முறை ஒரு புதிய பாலத்துக்கு அடியில் நிற்க நேர்ந்தால், தூணும் உத்தரமும் சந்திக்கும் இடத்தை அண்ணாந்து பாருங்கள். பல பாலங்களில் அங்கே கறுப்பாக ஒரு சிறு தலையணை தெரியும். வெயிலில் உத்தரம் நீள்வதற்கு இடங்கொடுப்பது அதன் வேலை.

பட்டறையில் மவுண்ட் மாற்றும் நாளில், கழற்றிப் போட்ட பழைய ரப்பர் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் உயரத்தையும் புதியதன் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். இரண்டையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். எதில் தடம் விழுந்து மறைகிறது, எதில் விழவே இல்லை என்று பாருங்கள். இரண்டையும் இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டு எழும்புவதை ஒப்பிடுங்கள். பிறகு பழையதை மெக்கானிக்கிடம் கொடுத்து ரம்பத்தால் குறுக்கே அறுக்கச் சொல்லுங்கள். வெளி ஓரம் நரைத்து, இறுகி, வெடித்திருக்கும். காற்றுப் படாத உள்பகுதி பல சமயம் இன்னும் கறுப்பாக, மெத்தென்று இருக்கும். எத்தனை மில்லிமீட்டர் ஆழம்வரை இறுகியிருக்கிறது என்பதை ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். அளந்த பிறகு வண்டியின் வயதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.